தட்டில் ஏறிய ஒப்பாரி

என் வீட்டு அலமாரியில் ஓர் இசைத்தட்டு இருக்கிறது. அதைப் போட்டுக் கேட்க என்னிடம் இயந்திரம் இல்லை. இருந்தாலும் கேட்கப் போவதில்லை. கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் வேலை பார்க்கும் என் மகள், அது இப்போது வெள்ளைக்காரர்கள் தேடித் திரியும் தட்டு என்று கம்ப்யூட்டரில் பார்த்துச் சொன்னாள். பாட்டு இல்லை, வாத்தியம் இல்லை. வெறும் சத்தங்களை நாடாவில் பிடித்து, வெட்டி, ஒட்டி, மின்சாரக் கருவிக்குள் விட்டு முறுக்கிச் செய்த இசையாம். ஒரு ரப்பர் தோட்டத்தின் ஒரு நாள், விடிவதிலிருந்து பொழுது அடைவது வரை, இரண்டு பக்கத்தில். அதைச் செய்தவர் காலத்தை முந்தியவர் என்று எழுதியிருக்கிறார்களாம்.

"ஒங்களுக்கு அவரத் தெரியுமாப்பா?" என்று கேட்டாள்.

தெரியும் என்றேன். மேலே கேட்காதே என்று என் முகத்தில் எழுதியிருந்திருக்க வேண்டும். கேட்காமல் போய்விட்டாள்.

தெரியாமல் என்ன. அந்தத் தட்டின் இரண்டாம் பக்கத்தில் அழுவது என் அக்கா. அழவைத்தவன் நான்.

கெடாவில், கூலிமிலிருந்து பாடாங் மேஹா போகும் வழியில் உள்ளே தள்ளியிருந்தது எங்கள் தோட்டம். வெள்ளைக்கார சர்க்கார் அவசரகாலம் போட்டுச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. எங்கள் ஆட்கள் அதை டாரூராட் என்பார்கள். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு எங்கள் அடுப்பிலிருந்து சோறு போகிறதாம். அதைத் தடுக்க, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த லயத்து வீடுகளைப் பெயர்த்து ஒரே இடத்தில் கொண்டுவந்து வைத்து, சுற்றிலும் முள்கம்பி அடித்தார்கள். கம்பிக்கு ஒரே வாசல். விடிந்ததும் அங்கே வரிசையில் நிற்க வேண்டும். ஆம்பிளையை ஆம்பிளையும் பொம்பிளையைப் பொம்பிளையும் தடவிப் பார்த்துத்தான் மரம் வெட்ட, அதாவது பாலுக்குப் பட்டை சீவ, வெளியே விடுவார்கள். ஒரு பிடி அரிசி, ஒரு வாய்ச் சோறு வெளியே போகக் கூடாது. தண்ணீர் கொண்டு போகலாம். பெரிய மனசு பண்ணி அதை மட்டும் விட்டுவைத்தார்கள்.

கம்பி போட்டவர்கள் எங்களை அளந்தார்கள், எங்கள் சாமியை அளக்க மறந்துவிட்டார்கள். முனியாண்டி பழைய லயத்துப் பக்கத்து மரத்தடியிலேயே நின்றுவிட்டார். அவர் வெளியே, நாங்கள் உள்ளே. காவல் தெய்வத்துக்குக் காவல் இல்லை, எங்களுக்குத்தான் காவல்.

அத்தான், அதாவது என் அக்காவின் புருஷன், அந்தச் சாமிக்கு வெள்ளிக்கிழமை தோறும் படைக்கிற வழக்கமுள்ளவர். அவருடைய மரங்கள் அந்தப் பக்கம்தான். ஒரு பிடி பச்சரிசியும் ஒரு துண்டு வெல்லமும் இலையில் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் முதல் மரத்தில் கத்தியை வைப்பார். கம்பி போட்ட பிறகும் அதை விடவில்லை. பால் சுமக்கும் காண்டா வாளியின் அடியில் ஈரத்துணியைப் போட்டு, அதற்குள் அரிசியை மடித்து எடுத்துப் போயிருக்கிறார். சாமிக்குக் கொடுக்கிறதை மனுஷன் தடுக்க முடியாது என்பது அவருடைய கணக்கு. ஆறேழு வாரம் தப்பியது. ஒரு வெள்ளிக்கிழமை வாசல் போலீஸ்காரர்கள், எங்கள் பேச்சில் மாத்தாக்கள், வாளியைக் கவிழ்த்துத் தட்டினார்கள், அரிசி கொட்டியது.

யாருக்கு என்று கேட்டார்கள். முனியாண்டிக்கு என்றார். அந்தப் பெயரில் காட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவரைக் கொண்டுபோய் இரண்டு நாள் கேட்டார்களாம். அதன்பிறகு விசாரணை ஏதும் இல்லாமல் தடுப்பு முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். எத்தனை மாசம், எத்தனை வருஷம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்று சட்டமே இருந்தது.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. அப்பா அம்மா இரண்டு பேரும் காய்ச்சலில் போன பிறகு, என்னைவிட ஒன்பது வயது மூத்த அக்காதான் மரம் வெட்டி என்னைக் கூலிமில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்க வைத்தாள். அத்தானும் ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. அவர்கள் இரண்டு பேரின் முதுகில் ஏறி உட்கார்ந்துதான் நான் கால்சட்டை போட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் செய்ததை அளக்க வசதியாக இருக்கும்.

எங்கள் சின்னத்துரை, அதாவது தோட்டத்து உதவி மானேஜரான வெள்ளைக்காரர், மற்றத் துரைமாரைப் போல் கிளப்புக்குப் போய்க் குடிப்பவர் இல்லை. போரில் தந்தி அனுப்பும் பிரிவில் இருந்தவர். பங்களாவில் ஒரு அறை முழுக்கக் கம்பியும் விளக்குமாகக் கருவிகள் வைத்திருந்தார். நடுவே ஒரு டேப் ரெக்கார்டர், இரண்டு ஆள் தூக்க வேண்டும். தோட்டத்துச் சத்தங்களை எல்லாம் பிடித்து, அவற்றை மட்டுமே வைத்து ஒரு இசை செய்யப் போவதாகச் சொன்னார். ஆட்களிடம் பேச ஒருவன் வேண்டும், அதற்கு நான்.

எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. அந்த இயந்திரத்தின்மேல் எனக்கிருந்த ஆசையை இப்போது சொல்லவே கூசுகிறது. காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் தண்டவாளத் துண்டை அடிக்கும் சத்தத்தைப் பிடித்தோம். மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் சொட்டுவதை, ஒலிவாங்கியை மரத்தோடு கட்டி ஒரு மணி நேரம் பிடித்தோம். முள்கம்பியை மரக்கட்டையால் தட்டிப் பிடித்தோம். உறைந்த ரப்பர் பாலை உருட்டும் உருளை, வாளிகள் மோதுவது, வாசலில் "கையத் தூக்கு, கையத் தூக்கு" என்கிற சோதனைக்காரியின் குரல், எதையும் விடவில்லை. பிறகு துரை நாடாவைச் சவரப் பிளேடால் நறுக்கி, பசைத்தாள் போட்டு ஒட்டுவார். பின்னாலிருந்து ஓட்டுவார், மெதுவாக ஓட்டுவார். சொட்டுச் சத்தம் மெதுவாக ஓடும்போது கிணற்றில் கல் விழுகிற மாதிரி கேட்கும். நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன். அவர் என் தோளைத் தட்டுவார். அத்தான் முகாமில் கிடந்த மாதங்கள் அவை.

கடைசியில் மனிதக் குரல் வேண்டும் என்றார். தோட்டத்தில் ஒரு சாவின்போது பெண்கள் ஒப்பாரி வைத்ததைத் தூரத்திலிருந்து கேட்டிருக்கிறார். அதுதான் வேண்டுமாம். சாவு வீட்டுக்குள் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போவது மரியாதை இல்லை என்கிற அளவுக்கு நல்லவர். ஆகவே தனியாக ஒருத்தி வந்து பாடட்டும் என்றார்.

நாலைந்து பெண்களைக் கேட்டேன். அடிக்க வராத குறைதான். சாவு இல்லாமல் ஒப்பாரிக்கு வாய் திறந்தால் சாவை வாசலுக்குக் கூப்பிடுவதாக அர்த்தம். பிள்ளைகள் விளையாட்டுக்கு அந்த ராகத்தில் இழுத்தால்கூட வாயிலேயே போடுவார்கள். இது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் கேட்டேன்.

தோட்டத்திலேயே பெரிய ஒப்பாரிக்காரி என் அக்கா. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் அவள் வந்து உட்கார்ந்த பிறகுதான் அழுகை சூடு பிடிக்கும். அவளிடம் கேட்டேன். அடுப்பில் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தவள் கரண்டியை நிறுத்தினாள்.

"அறிவு இருக்காடா ஒனக்கு? ஒங்க அத்தான் உள்ளுக்குள்ள கெடக்காரு. நான் ஒப்பாரி பாடணுமா?"

அத்தோடு நான் விட்டிருக்க வேண்டும்.

அதற்கு ஒரு வாரம் முன்பு துரையிடம் அத்தானைப் பற்றிப் பேசியிருந்தேன். போலீசில் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று கேட்டேன். அவர் ஒளிக்காமல் சொன்னார். அது போலீஸ் விஷயம், பெரிய துரையே தலையிட முடியாது, தனக்கு எந்தச் செல்வாக்கும் இல்லை, வீணாக ஆசை வளர்த்துக்கொள்ளாதே என்றார். அவர் பொய் சொல்லவில்லை. இன்றுவரை அவர்மேல் பழி போட எனக்கு ஒரு பிடி கிடைக்கவில்லை, அதுவே ஒரு எரிச்சல்.

பொய்யை நான் சொன்னேன். வாய் கூசாமல் சொன்னேன்.

"தொர போலீஸ்ல பேசறேன்னு சொல்லிருக்காருக்கா. நீ இதப் பாடிக் குடுத்தா அத்தான வுட்டுருவாங்க."

ஏன் சொன்னேன் என்று ஐம்பது வருஷமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். பெரிய காரணம் ஒன்றும் அகப்படவில்லை. ஒப்பாரிக்கு ஆள் பிடித்துவிட்டேன் என்று துரையிடம் போய் நிற்க ஆசை. அவ்வளவுதான். அவர் என் தோளைத் தட்ட வேண்டும், அதற்காக.

அக்கா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் வேலை விட்டு வந்ததும் என்னைக் கூப்பிட்டாள்.

"வீட்டுல பாட மாட்டேன். நம்ம அம்மாவுக்குப் பாடுற மாதிரிதான் பாடுவேன், ஒங்க அத்தான் பேச்சு அதுல வராது. அப்புறம் இந்தத் தோட்டத்துல ஒருத்தர் காதுலயும் அது விழக் கூடாது. தொரகிட்ட சொல்லிடு லா."

சொல்லிவிடுகிறேன் என்றேன். சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார், கேட்டால் இந்தப் பெண் எதற்காகப் பாடுகிறாள் என்பதும் வெளியே வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பங்களாவுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த சாமான் அறையில் பாடினாள். தலைக்குக் குளித்து, ஒரு சரம் மல்லிகை வைத்துக்கொண்டு வந்தாள், தான் சுமங்கலி என்று அந்த இயந்திரத்துக்குத் தெரிய வேண்டும் என்பதுபோல. ஒரு கையில் தாலியைப் பொத்திப் பிடித்துக்கொண்டாள். அம்மாவைச் சொல்லித்தான் தொடங்கினாள். பத்து வரி போனது. பிறகு குரல் மாறியது.

"கம்பிக்குள்ள எம் வீடு கதவு தொறந்து கெடக்கு
கஞ்சி வச்ச சட்டியில ஆறி ஏடு கெடக்கு
ஆக்கி வச்ச கை இருக்கு, அள்ளித் தின்ன கை எங்கே?"

அம்மா செத்தபோது கம்பி ஏது? அவளுக்கே தெரிந்துவிட்டது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் துரையைப் பார்த்தேன். துரை நிறுத்தாதே என்று கையைக் காட்டினார். நான் அக்காவுக்கு அதே மாதிரி கையைக் காட்டினேன். அவள் நிறுத்தவில்லை.

துரை கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் தோளைத் தட்டினார்.

இரண்டு மாதத்தில் இசை தயாராகிவிட்டது. அந்தச் சமயத்தில் அரசாங்கத்தின் பிரசார வேன் தோட்டம் தோட்டமாக வந்துகொண்டிருந்தது. கூரைமேல் நாலு ஒலிபெருக்கி. காட்டில் இருப்பவர்கள் சரணடைய வேண்டும், நாம் சோறு கொடுக்கக் கூடாது என்று அதில் பேசுவார்கள். எங்களிடம் வந்ததும் ஒரு ஞாயிறு மதியம். எல்லாரும் பெரட்டுக் களத்துக்கு வர வேண்டும் என்று உத்தரவு. பேச்சு முடிந்ததும் துரை தன் நாடாவை வேனிலிருந்த இயந்திரத்தில் போடக் கொண்டுவந்தார், தன் ரெக்கார்டரையும் தூக்கிவரச் செய்திருந்தார். இது இவர்களுடைய சத்தம், இவர்கள்தான் முதலில் கேட்க வேண்டும் என்றார். அவர் அதை ஒரு மரியாதையாகத்தான் நினைத்தார்.

அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். வேண்டாம் என்று ஒரு வார்த்தை. வேனுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்த மாதிரி நின்றேன்.

முதலில் எல்லாரும் சிரித்தார்கள். தண்டவாளச் சத்தம் கேட்டதும் ஒருவர், "டேய், ஞாயித்துக்கெழமையும் பெரட்டாடா?" என்றார். சோதனைக்காரியின் "கையத் தூக்கு" ஒன்றன்மேல் ஒன்றாக முப்பது தடவை வந்தபோது, பிள்ளைகள் கையைத் தூக்கிக்கொண்டு குதித்தார்கள். சோதனைக்காரியே சிரித்தாள். பால் சொட்டியது, கம்பி அதிர்ந்தது. அதற்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது.

எங்கள் பெண்களுக்கு ஒப்பாரி காதில் விழுந்தால் யோசிக்கத் தெரியாது. உடம்பே எழுந்து போகும். கிழவிகள் இரண்டு பேர் தலைமுடியை அவிழ்த்தார்கள். யாரோ "யாரு போனது?" என்றார்கள். கேட்டு முடிப்பதற்குள் குரல் யாருடையது என்று தெரிந்துவிட்டது. முகாமில் இருக்கிற புருஷன் போய்விட்டான், சர்க்கார் வேனில் வந்து சொல்கிறார்கள் என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். சர்க்கார் விஷயம் எல்லாம் அந்த வேனில்தானே வரும்? பத்துப் பதினைந்து பெண்கள் ஓடிப்போய் அக்காவைக் கட்டிக்கொண்டார்கள், மாரில் அடித்துக்கொண்டு ஒலிபெருக்கியோடு சேர்ந்து பாடினார்கள். பக்கத்து வீட்டுக்கார அம்மா ஒருத்தி, தாய்போலப் பாசமாக, அக்கா தலையிலிருந்த பூவை எடுத்துவிட்டாள்.

துரை ஒலிவாங்கியைத் தூக்கிக்கொண்டு ஓடினார், இதையும் பிடிக்க.

அக்கா அழவில்லை. கூட்டத்துக்கு நடுவே என்னைத் தேடிக் கண்டுபிடித்தாள். அவளும் அப்படியே நம்பிவிட்டாள் என்று அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. சொல்லத் தைரியமில்லாமல் தம்பி இந்த வழியில் சொல்கிறான் என்று நினைத்திருக்கிறாள்.

"தம்பி, ஒங்க அத்தான் போயிட்டாராடா?"

"இல்லக்கா. அவரு நல்லாத்தான் இருக்காரு."

"அப்ப இது என்னா?"

"தொர சும்மா போட்டாரு."

"தொர போலீஸ்ல சொல்லிட்டாருல்ல? எப்ப வுடுவாங்களாம்?"

ஒலிபெருக்கியில் அவள் குரலைத் துரை மெதுவாக இழுத்திருந்தார். அது மனுஷக் குரல் மாதிரியே இல்லை. அதற்குமேல் என்னால் பொய்யைப் பிடித்து நிற்க முடியவில்லை.

"தொர ஒண்ணும் சொல்லலக்கா. முடியாதுன்னுதான் சொன்னாரு. நாந்தான் ஒங்கிட்ட அப்படிச் சொன்னேன்."

சுற்றி நின்ற பெண்கள் எல்லார் காதிலும் அது விழுந்தது. பூவை எடுத்த அம்மா அதை மறுபடியும் வைக்கப் போனாள். அக்கா தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"எடுத்தது எடுத்ததா இருக்கட்டும் சின்னம்மா."

அன்றிலிருந்து அவள் பூ வைக்கவில்லை. உயிரோடிருக்கும் புருஷனுக்குப் பாடியவள் என்று நல்லது கெட்டது எதற்கும் அவளைக் கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார்கள். என்னிடம் அவள் பேசவில்லை. சோறு மட்டும் வழக்கம்போல மூடி வைப்பாள். சாப்பிடுவேன். வெட்கம் கெட்டவனுக்குப் பசிக்காதா?

நாலு மாதம் கழித்து அத்தானைப் பற்றிய உத்தரவு ஆபீசுக்கு வந்தது. அவர் பன்னிரண்டு வயதில் கப்பலேறி வந்தவர், இங்கே பிறந்தவர் இல்லை. ஆகவே இந்தியாவுக்கு நாடு கடத்துகிறார்கள், விரும்பினால் பெண்சாதியும் கூடப் போகலாம். அதை அக்காவுக்குப் படித்துச் சொன்னதும் நான்தான், அது என் வேலை. மரம் வெட்டும் கத்தியைக் கங்காணியிடம் கொடுத்துவிட்டு அவள் பெட்டி கட்டினாள். இந்தியாவை அவள் பார்த்ததே இல்லை.

போகிற நாளிலும் வாசலில் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. பினாங்கில் அத்தானைக் கப்பலேற்றும் இடத்தில் சேர்ந்து சாப்பிடலாம் என்று புளிச்சோறு கட்டி வைத்திருந்தாள். சோதனைக்காரி அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "கையத் தூக்கு" என்றாள். அக்கா இரண்டு கையையும் தூக்கினாள். தூக்கியபடியே, மாதக்கணக்கில் பேசாதவள், என்னிடம் பேசினாள்.

"ஒந் தொரையக் கூப்பிடு. இதையும் புடிச்சிக்கட்டும்."

லாரி போய்விட்டது. புளிச்சோறு வாசலிலேயே கிடந்தது.

சின்னத்துரை அடுத்த வருஷம் சீமைக்குப் போனார். சில வருஷங்கள் கழித்து இந்தத் தட்டு தபாலில் வந்தது. நான் அப்போது பெரிய கிராணி, கல்யாணமாகி வீட்டில் ரேடியோகிராம் வைத்திருந்தேன். அட்டையின் பின்பக்கம் ஒவ்வொரு சத்தமும் எது என்று எழுதியிருந்தார். இரண்டாம் பக்கத்துக்கு நேரே, கெடா ரப்பர் தோட்டம் ஒன்றின் சாவு வீட்டில் பிடித்தது என்றிருந்தது. ஒரே ஒரு தடவை போட்டேன். அக்கா முடித்ததும் நிஜமாகவே பதினைந்து பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுகிறார்கள். அட்டையில் எழுதியது பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

அக்காவுக்குக் கடிதம் எழுதினேன். தட்டு வந்ததைச் சொல்லி, மன்னித்துவிடு என்று நாலு பக்கம். பதில் இல்லை. எட்டு வருஷம் கழித்து, தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்த அவள் கையெழுத்தில் ஒரு நீலத் தாள் வந்தது. அதை இங்கே அப்படியே எழுதுகிறேன்.

"தம்பிக்கு. ஒங்க அத்தான் போன மாசம் எறந்துட்டாரு. காச்சல்தான். இங்க உள்ள பொம்பளைங்க நான் பாடுவேன்னு பாத்துக்கிட்டு இருந்தாங்க. எனக்கு வாய் வரல. சும்மா ஒக்காந்து இருந்தேன். புருசன் செத்ததுக்கு அழுவாத பொம்பளைன்னு ஊருல பேசுறாங்க. அவருக்கு உள்ளத எல்லாம் அங்கயே பாடி முடிச்சிட்டேன். அந்தத் தட்டு ஒங்கிட்டதான இருக்கு. அவருக்காக ஒரு தடவ நீயே போட்டு வுடு."

மறுநாள் ரேடியோகிராமைக் கூலிமில் ஒரு கடையில் தள்ளிவிட்டேன். அவள் கேட்டதையும் நான் செய்யவில்லை.